விஇஜிஎஃப் கூடியிருக்கிறது, சரி, அடுத்து என்ன? சிறுநீர்ப்பைப் புற்றில் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

விஇஜிஎஃப் என்பது புது இரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் புரதம். கீழே வருபவர் தனியொரு நோயாளி அல்லர். இந்த நோய் வழக்கமாகப் போகும் பாதையைக் கோத்துப் பாடத்துக்காக அமைத்த நிகழ்வு இது. அவருடைய பரிசோதனை எண்கள் விளக்கத்துக்கானவை. மருந்தளவுகளும் பெரிய ஆய்வுகளின் முடிவுகளும் வெளியானபடியே தரப்பட்டுள்ளன.

வந்தபோது

63 வயது ஆண். முப்பது ஆண்டுகள் புகைத்தவர். விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மூன்று வாரமாக வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம், சில நாள் உறைகட்டிகளுடன். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஹீமோகுளோபின் 10.8 கிராம், கிரியேட்டினின் 1.1 மி.கி. அல்ட்ராசவுண்டில் சிறுநீர்ப்பையின் இடது பக்கச் சுவரில் 2.8 செ.மீ. வளர்ச்சி தெரிந்தது. சிடி யூரோகிராமில் சிறுநீரகங்களிலும் சிறுநீர்க்குழாய்களிலும் வேறு கட்டி இல்லை.

வலியில்லாமல் இரத்தம் போவதற்கும் இந்தக் கட்டுரையின் பொருளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கட்டி அவசரமாக வளர்த்துக்கொள்ளும் குழாய்கள் ஒழுங்காக முதிர்வதில்லை. சுவர் மெலிது, வெளியே தாங்கிப் பிடிக்க வேண்டிய பெரிசைட் செல்கள் அரைகுறை, செல்களுக்கு நடுவே இடைவெளி. பை நிறைந்து விரிந்து மறுபடி சுருங்கும்போது இவை கிழிகின்றன. விஇஜிஎஃப் என்ற இந்தக் காரணியை முதலில் கண்டவர்கள் குழாய் வளர்ச்சியைத் தேடிப் போகவே இல்லை. 1983-இல் சென்கர், டிவோராக் குழுவினர் குழாயைக் கசிய வைக்கும் புரதமாகத்தான் அதை விவரித்தார்கள். 1989-இல் ஃபெராராவும் உடன் பணியாற்றியவர்களும் குழாய்ச் செல்களைப் பெருகச் செய்யும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து விஇஜிஎஃப் என்று பெயரிட்டார்கள். இரண்டும் ஒரே மூலக்கூறு என்பது பிறகு தெளிவானது. கசிவும் வளர்ச்சியும் ஒன்றாகவே வருவதன் காரணம் அதுதான்.

படமும் சிஸ்டோஸ்கோப்பியும்

எம்ஆர்ஐ கட்டியை வெட்டுவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. வெட்டிய பிறகு எடுத்தால் வீக்கமும் ஆறும் திசுவும் படத்துக்காகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தை உறிஞ்சி ஒளிரும். தசைக்குள் கட்டி இறங்கியிருக்கிறதா, புண் ஆறுகிறதா என்று பிரிக்க முடியாது. கான்ட்ராஸ்ட் செலுத்திய முதல் கட்டப் படங்களில் கட்டி முந்தி ஒளிர்கிறது, தசை பின்னால் ஒளிர்கிறது. அந்த நேர வித்தியாசமே கட்டிக்குள் குழாய் எவ்வளவு அடர்ந்து கசிகிறது என்பதைக் காட்டுகிறது. எம்ஆர்ஐ-யில் தசை ஊடுருவலுக்கு 1 முதல் 5 வரை எண் தரும் வி-ராட்ஸ் மதிப்பீட்டில் இவருக்கு 3, அதாவது தசை ஊடுருவல் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நடு எண். இந்த மதிப்பீட்டில், நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்துக்கே முதலிடம். அது தெளிவில்லாதபோது கான்ட்ராஸ்ட் படம் கைகொடுக்கும்.

பைக்குள் குழல்கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியில், வெள்ளை ஒளியில் ஒரு கட்டி. குறுகிய பட்டை ஒளியான என்பிஐ-க்கு மாற்றியதும் அதனருகே இரண்டு சிறு திட்டுகள் தெரிந்தன. என்பிஐ 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை மட்டும் விடுகிறது. இரண்டையும் ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சுவதால் மேற்பரப்புத் தந்துகிகள் பழுப்பாகவும், ஆழத்துக் குழாய்கள் நீலப்பச்சையாகவும் எடுப்பாகத் தெரியும். சுருங்கச் சொன்னால் இந்த ஒளி காட்டுவது புற்றுச் செல்லை அல்ல, புதுக் குழாயை. அதனாலேயே அழற்சியும் அதில் அப்படியே தெரியும். நோயெதிர்ப்பைத் தூண்டப் பைக்குள் விடும் பிசிஜி மருந்து போட்ட சில வாரங்களில் என்பிஐ பார்த்தால் பை முழுக்கச் சந்தேகத் திட்டுகளாக இருக்கும்.

சிறுநீர்த்துளை வழியாகக் கட்டியை வெட்டும் டியுஆர்பிடி-யில் புறவளர்ச்சி முதலிலும், அடித்தளம் தசையோடு தனியாகவும் வெட்டப்பட்டு வெவ்வேறு புட்டிகளில் போயின. திட்டுகள் மூன்றாவது புட்டியில். பக்கச் சுவரில் வெட்டும்போது ஆப்டுரேட்டர் நரம்பு தூண்டப்பட்டுத் தொடை உதறினால் பை துளைபட்டுவிடும் என்பதால் முழுத் தசைத்தளர்வு கொடுக்கப்பட்டது. இரத்தக்கசிவுக்காகத் தொடர் கழுவல் தேவைப்பட்டதால் 24 மணி நேரத்துக்குள் பைக்குள் போடும் ஒற்றை மைட்டோமைசின் கீமோ மருந்து தவிர்க்கப்பட்டது.

நோயியல் அறிக்கை: குழாயை எண்ணுவது எப்படி, எங்கே பிசகும்

ஹை கிரேடு (தீவிர குணமுள்ள) யூரோதீலியல் கார்சினோமா, அதாவது பையின் உட்படலப் புற்று, டி1. உட்படலத்துக்கு அடியிலுள்ள லேமினா ப்ராப்ரியாவுக்குள் இறங்கியிருக்கிறது; தசை மாதிரியில் இருக்கிறது, அதில் கட்டி இல்லை. திட்டு ஒன்றில் கார்சினோமா இன் சிட்டு (உட்படலத்துக்குள்ளேயே தட்டையாகப் பரவும் புற்று).

கூடுதலாகக் கேட்கப்பட்டவை இரண்டு: குழாய்ச் செல்லை நிறங்காட்டும் சிடி34 சாயத்தில் நுண்குழாய் அடர்த்தி, விஇஜிஎஃப் சாயம். முதலாவது எளிதாகத் தோன்றும், செய்பவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் 4 மைக்ரான் துண்டு வெட்டி, சிடி34 அல்லது சிடி31 சாயமிட்டு, முதலில் தாழ்ந்த உருப்பெருக்கத்தில் முழுத் துண்டையும் மேய வேண்டும். குழாய் அதிகம் அடர்ந்த இடத்தைத் தேர்ந்து, அங்கே 200 மடங்கில் எண்ண வேண்டும். பழுப்பாகச் சாயமேறிய ஒவ்வொரு தனிச் செல்லும், செல் கொத்தும் ஒரு குழாய்தான். உள்துளை தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தவறுகள் மூன்று இடங்களில் நுழைகின்றன. முதலாவது, மின்சூட்டில் கருகிய ஓரம்: அங்கே செல் வடிவம் சிதைந்து சாயம் படிவதும் படியாததும் தாறுமாறாகும். இரண்டாவது, அடர்ந்த இடத்தைத் தேர்வதே ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலும் கவனிக்கப்படாதது. இரண்டாம் முறை வெட்டிய திசுவில் ஆறும் திசு இருக்கும். அதில் புதுக் குழாய் எப்போதும் நிறைய இருக்கும். அதை எண்ணினால் நோயாளியின் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகம் கிடைக்குமே தவிர, கட்டியின் குணம் கிடைக்காது. அடர்த்தியை முதல் வெட்டின் திசுவில்தான் எண்ண வேண்டும்.

இவருக்கு அடர்த்தி அதிகம், விஇஜிஎஃப் சாயமும் வலுவாக இருந்தது. தசையில் ஊடுருவிய கட்டிகளில் அடர்த்தி கூடியிருந்தால் நோய் மோசமாகப் போகும் என்பதை 1994, 1995-இல் வந்த ஆய்வுகள் காட்டின. மேலோட்டமான கட்டிகளில் விஇஜிஎஃப் கூடுதல் என்பது மறுபடி வருவதையும் ஆழம் போவதையும் முன்னறிவிக்கிறது என்று 1997-இல் ஒரு பிரிட்டன் குழு எழுதியது. அப்படியிருந்தும் இன்றைய சிகிச்சை வழிகாட்டிகள் எதுவும் இந்த எண்ணை வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. எண்ணும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. அதைவிட முக்கியமாக, டி1 ஹை கிரேடும் கார்சினோமா இன் சிட்டும் சேர்ந்தாலே இவர் அதிக ஆபத்துக் குழுவில் வந்துவிடுகிறார். குழாய் எண்ணிக்கை அதற்கு மேல் செய்ய வேண்டியதை மாற்றாது.

சிறுநீரில் விஇஜிஎஃப்: ஒரு தவறான மாதிரி

சேர்க்கையன்று எடுத்த சிறுநீரில் விஇஜிஎஃப் பார்க்கப்பட்டிருந்தது. எண் மிக உயரமாக வந்தது, அதை அறிக்கையில் எழுதாமல் விட்டது சரியான முடிவு. அன்று சிறுநீரே சிவப்பு. இரத்தத் தட்டணுக்கள் விஇஜிஎஃப்பைச் சுமப்பவை, உறையும்போது கொட்டும். வெள்ளணுக்களிலும் உண்டு. சிறுநீரில் இரத்தம் இருந்தால் அளவிடுவது கட்டி சுரந்ததையா, இரத்தம் கொண்டுவந்ததையா என்று பிரிக்க வழியில்லை. இதே காரணத்தால் இரத்தத்தில் அளப்பதாக இருந்தால் சீரத்தில் அளக்கக் கூடாது, பிளாஸ்மாவில்தான் அளக்க வேண்டும். உறைந்தபின் எடுக்கும் சீரத்தில் தட்டணு கொட்டியதும் சேர்ந்துவிடும்.

மாதிரி எடுக்கும் முறை இது. தொற்று இல்லை என்று கல்ச்சரில் உறுதி செய்தபின், கண்ணுக்குத் தெரியும் இரத்தம் இல்லாத நாளில், நடுவோட்டச் சிறுநீர். உடனே சுழற்றிச் செல்களை நீக்கி, சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரு குப்பியை ஒரு முறைதான் உருக்கலாம். பின், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினினால் வகுக்காமல் எண்ணைப் பேசக் கூடாது. ஒரு கணக்கு: முதல் மாதிரியில் ஒரு மி.லி.க்கு 320 பிகோகிராம், கிரியேட்டினின் 160 மி.கி./டெ.லி. என்றால் ஒரு மி.கி. கிரியேட்டினினுக்கு 200 பிகோகிராம். இரண்டாவதில் வெறும் 120 பிகோகிராம், ஆனால் கிரியேட்டினின் 40 என்றால் 300. குறைந்ததாகத் தோன்றியது உண்மையில் கூடியிருக்கிறது. நோயாளி அன்று நிறையத் தண்ணீர் குடித்திருந்தார், அவ்வளவுதான்.

சிறுநீர் குழாய்ச் செல்களை இழுக்கும் என்ற எண்ணம் பழையது. சிறுநீர்ப்பைப் புற்றுள்ளவர்களின் சிறுநீர் தந்துகிச் செல்களை நகரத் தூண்டுவதை 1981-இலேயே காட்டினார்கள். இன்று விஇஜிஎஃப் தனியாக அல்ல, ஐஎல்-8, எம்எம்பி-9, ஆஞ்சியோஜெனின் போன்ற வேறு புரதங்களுடன் பல புரதத் தொகுப்புகளில் ஒன்றாகப் பயன்படுகிறது. தனியாக அது சிஸ்டோஸ்கோப்பிக்கு மாற்றாகாது.

கட்டி குழாயை வரவழைக்கும் வழிகள்

குழாய் இல்லாமல் ஒரு கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர முடியாது; ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்த கருத்து அது. அதற்கு மேல் நடுவில் ஆக்சிஜன் எட்டாது. ஆக்சிஜன் இருக்கும்போது எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தை விஎச்எல் என்ற இன்னொரு புரதம் அடையாளம் கண்டு அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அந்த அடையாளம் விழாது. எச்ஐஎஃப் தங்கி, கருவுக்குள் போய், விஇஜிஎஃப் மரபணுவைத் திறக்கும். சுரந்த விஇஜிஎஃப்-ஏ அருகிலிருக்கும் குழாய்ச் செல்லின் விஇஜிஎஃப்ஆர்-2 ஏற்பியில் அமர்ந்ததும் செல் பெருகி, நகர்ந்து, கசியத் தொடங்குகிறது. விஇஜிஎஃப்-சி, டி இரண்டும் விஇஜிஎஃப்ஆர்-3 வழியாக நிணக்குழாய்களை வளர்க்கின்றன.

சிறுநீரகப் புற்றின் பெரும்பான்மை வகையில் விஎச்எல் மரபணுவே பழுது. அங்கே இந்த ஒரே சைகைப் பாதையில்தான் கட்டி பெரிதும் நிற்கிறது, அதனால் அதை அடைக்கும் மருந்துகள் அங்கே வேலை செய்கின்றன. சிறுநீர்ப்பையில் அப்படியில்லை. குழாயைத் தூண்டும் இன்னொரு காரணியான எஃப்ஜிஎஃப்-2 இருக்கிறது. ஐஎல்-8 இருக்கிறது. ஆஞ்சியோபாய்ட்டின்-2 குழாயைத் தளர்த்துகிறது. எம்எம்பி-9 செல்வெளிப் பின்னலை அறுத்து, அதில் ஒட்டிக் கிடந்த காரணிகளை விடுவிக்கிறது. புற்றைத் தடுக்கும் பி53 மரபணு கெட்டால் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் த்ராம்போஸ்பாண்டின்-1 குறைகிறது. தூண்டுவது கூடாமலேயே தடுப்பது போய்விட்டது. 1995-இல் வந்த ஒரு ஒப்பீடு இதில் மிகவும் யோசிக்க வைப்பது: மேலோட்டமான கட்டிகளில் விஇஜிஎஃப் தூக்கல், ஊடுருவிய கட்டிகளில் குழாயை வளர்க்கும் இன்னொரு புரதமான தைமிடின் ஃபாஸ்ஃபோரிலேஸ் தூக்கல். அதாவது விஇஜிஎஃப் தடுப்பு மருந்தை நாம் கொடுக்க நினைக்கும் கட்டம் வருவதற்குள், கட்டி வேறு காரணிகளையும் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கலாம்.

போக்கு

ஐந்தாம் வாரம் மறுபடி வெட்டியதில் மிச்சக் கட்டி இல்லை. மூன்று வாரம் ஆறவிட்டு பிசிஜி, வாரம் ஒன்றாக ஆறு, பின் பராமரிப்பு. பிசிஜி நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தாகவே பேசப்பட்டாலும், அது எழுப்பும் இன்டர்ஃபெரான் காமா, குழாய் வளர்ச்சியை அடக்கும் சிஎக்ஸ்சிஎல்10 என்ற கீமோகைனையும் கூட்டுகிறது.

மூன்றாம், ஆறாம் மாதம் சுத்தம். பன்னிரண்டாம் மாதம் பின்சுவரில் புதுக் கட்டி, டி2, அதாவது தசைக்குள் இறங்கியது. கீமோ மருந்துகளான ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் நான்கு சுற்று. முழுச் சிறுநீர்ப்பை அகற்றம், குடல்வழிச் சிறுநீர்த் திறப்பு (குடல் துண்டு வழியாகச் சிறுநீர் வயிற்றுத் திறப்பில் வெளியேறுவது). அகற்றிய திசுவில் டி3 (தசையையும் தாண்டியது), ஒரு நிணக்கணுவில் கட்டி. துணைச் சிகிச்சையாக நோயெதிர்ப்பு மருந்தான நிவோலுமாப். அது தொடங்கி எட்டாம் மாதம் இரு நுரையீரல்களிலும் இடுப்பு நிணக்கணுக்களிலும் பரவல். நுரையீரலில் ஒரு முடிச்சு நடுப்பகுதியில், பெரிய மூச்சுக்குழாயை ஒட்டி, உள்ளே குழிவிழுந்து. சிறுநீரகச் செயல்திறனைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 44, குறைவு. இடது காலில் ஆழ்சிரை இரத்தவுறை, தோலடி ஹெப்பரின் ஊசியில்.

எஃப்ஜிஎஃப்ஆர்-3 (எஃப்ஜிஎஃப் ஏற்பிகளில் ஒன்று) மரபணு மாற்றச் சோதனை எதிர்மறை. இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அந்த மாற்றம் உள்ளவர்களுக்குத் தரும் எர்டாஃபிடினிப் எஃப்ஜிஎஃப் ஏற்பியைத் தடுப்பதால் அதையும் குழாய் அடைக்கும் மருந்து என்று சிலர் எண்ணுகிறார்கள். எஃப்ஜிஎஃப்ஆர்-3 மாற்றம் புற்றுச் செல்லுக்குள்ளேயே உள்ள உந்துதல். மருந்து தாக்குவது அந்தச் செல்லை. மாற்றம் இல்லாதவருக்கு அது இல்லை. நாள்தோறும் 8 மி.கி. தொடங்கி 14 முதல் 21 நாளில் இரத்த ஃபாஸ்ஃபேட் பார்த்து 9 மி.கி.யாக உயர்த்துவார்கள், ஃபாஸ்ஃபேட் ஏறுவது, சிறுநீரகத்தில் எஃப்ஜிஎஃப்-23 சைகை தடைபடுவதால்.

இவருக்குத் தந்தது என்ஃபோர்டுமாப் வெடோட்டின் (எதிர்பொருளில் கீமோ மருந்தை இணைத்தது), கிலோவுக்கு 1.25 மி.கி., 28 நாள் சுற்றில் 1, 8, 15-ஆம் நாள்கள். முடிச்சுகள் சுருங்கின. ஏழாம் மாதம் மறுபடி வளர்ந்தன. மருந்தின் பக்கவிளைவான கைகால் மரப்பு இரண்டாம் தரம், அதாவது நடுத்தரக் கடுமை.

குடும்பம் கேட்ட கேள்வி

"முதல் ரிப்போர்ட்லயே விஇஜிஎஃப் ஜாஸ்தின்னு இருக்கே டாக்டர், அந்தக் குழாயை அடைக்கிற மருந்தைக் குடுத்தா என்ன?"

கேள்வி நியாயமானது. பதில் நான்கு ஆய்வுகளில் இருக்கிறது. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டினுடன், விஇஜிஎஃப்பைப் பிடித்துக்கட்டும் பெவாசிசுமாப் சேர்த்த 43 பேரின் இரண்டாம் கட்ட ஆய்வில் உயிர்வாழ்வின் நடுமதிப்பு 19.1 மாதம் வந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. அதிலேயே ஐந்தில் ஒருவருக்குச் சிரை உறைவு. பிறகு 506 பேரில், பாதிப் பேருக்கு 21 நாளுக்கு ஒருமுறை கிலோவுக்கு 15 மி.கி. பெவாசிசுமாப், பாதிப் பேருக்குப் போலி மருந்து என்று சிஏஎல்ஜிபி 90601 என்ற ஆய்வு நடந்தது. உயிர்வாழ்வு 14.5 மாதம், போலி மருந்தில் 14.3. நோய் முற்றாமல் நின்ற காலம் 8.0 மாதம், 6.7 மாதம். ஒப்பிட எதிர்க்குழு இல்லாத ஒற்றைக்கை ஆய்வின் அழகான எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தத் துறையில் குறைவு.

ரேஞ்ச் ஆய்வு இவருடைய நிலைக்கு நெருக்கமானது: சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துக்குப் பின் நோய் முற்றிய 530 பேர், கீமோ மருந்தான டோசிடாக்ஸல் சதுர மீட்டருக்கு 75 மி.கி., அதோடு விஇஜிஎஃப்ஆர்-2-ஐ அடைக்கும் ராமுசிருமாப் கிலோவுக்கு 10 மி.கி. முற்றாமல் நின்ற காலம் 4.07 மாதம், போலி மருந்தில் 2.76. கட்டி சுருங்கியவர்கள் நால்வரில் ஒருவர், எதிர்க்குழுவில் ஏழு பேரில் ஒருவர். உயிர்வாழ்வு 9.4 மாதம், 7.9 மாதம், வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. விஇஜிஎஃப் ஏற்பிகளைத் தடுக்கும் லென்வாடினிப்பை நோயெதிர்ப்பு மருந்தான பெம்ப்ரோலிசுமாப்புடன் சேர்த்த லீப்-011 ஆய்வும் பலன் தரவில்லை.

ஆக, குழாயை அடைத்தால் கட்டி சற்று நேரம் தயங்குகிறது, ஆயுள் நீளவில்லை. அடைத்த இடத்தில் ஆக்சிஜன் குறைய எச்ஐஎஃப் மீண்டும் எழுகிறது, மேலே சொன்ன மற்ற காரணிகள் வேலையைத் தொடர்கின்றன. இந்தப் பெரிய ஆய்வுகள் எதுவும் குழாய் அடர்த்தியையோ விஇஜிஎஃப்பையோ பார்த்து ஆளைத் தேர்ந்து சேர்க்கவில்லை என்பதும் உண்மை. தேர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று அதிலிருந்து யாரும் கோரிவிட முடியாது. விஇஜிஎஃப் மிகுதி என்பது இந்த நோயில் கட்டியின் குணத்தைச் சொல்லும் அடையாளம். பிடித்து இழுத்தால் கட்டி நிற்கும் கடிவாளம் என்று இதுவரை நிரூபணமாகவில்லை.

பொது விடை அது. இவருக்கென்று தனியாகவும் தடைகள் இருந்தன. குழிவிழுந்த நடு முடிச்சு குழாய் அடைப்பு மருந்தில் வெடித்து இருமலில் இரத்தம் கொட்டலாம். காலில் உறைவு, கூடவே இரத்தம் உறையாமல் இருக்க ஊசி. குடல் இணைப்புகள் இருப்பதால் துளைபடும் ஆபத்து. இந்த மருந்துகளில் சிறுநீரில் புரதம் பார்ப்பது கட்டாயம். சிறுநீரக வடிகட்டிச் செல்கள் சுரக்கும் விஇஜிஎஃப்பே அங்குள்ள தந்துகிகளைக் காக்கிறது, அது அடைபட்டால் புரதம் ஒழுகும். சிறுநீரில் தோய்க்கும் சோதனைத்தாளான டிப்ஸ்டிக்கில் இரண்டு கூட்டல் (++) வந்தால் 24 மணி நேரச் சேகரிப்பு. 2 கிராமுக்கு மேல் நிறுத்தி வைப்பு. ராமுசிருமாப் என்றால் 3 கிராமுக்கு மேல் அறவே நிறுத்தம். குடல்வழித் திறப்புள்ளவரின் பையில் சேரும் சிறுநீரில் குடல் சளி எப்போதும் கலந்திருக்கும். டிப்ஸ்டிக் எந்நாளும் புரதம் காட்டும், கண்காணிப்பே குருடாகிவிடும். சிறுநீரில் இரத்தம் போகும் நோயாளிக்கும் இதே சிக்கல் உண்டு.

மரப்பைக் கூட்டக்கூடிய டோசிடாக்ஸலுக்கும் இடமில்லை, மரப்பு ஏற்கெனவே இரண்டாம் தரத்தில். குடும்பத்துடன் பேசி எடுத்த முடிவு: இடுப்பு நிணக்கணு தரும் வலிக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, வலி நிவாரணக் குழுவின் தொடர் கவனிப்பு, ஹெப்பரின் தொடர்ச்சி, இருமலில் ஒரு தேக்கரண்டி இரத்தம் வந்தாலும் ஹெப்பரினை நிறுத்தி அன்றே வரவேண்டும் என்ற குறிப்பு வீட்டில் எழுதி ஒட்டப்பட்டது. மரப்பு முதல் தரத்துக்கு இறங்கினால் வாராந்தர பேக்லிடாக்ஸல் கீமோவைப் பற்றி மீண்டும் பேசலாம் என்று ஆறு வாரத்தில் மறுபார்வை குறிக்கப்பட்டது.